தேயிலை ஃபேக்டரியில் ஒரு வயலின்

அன்புள்ள செல்விக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். இடைவேளையில் வாசிக்க வயலினை ஃபேக்டரியிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக வைக்கலாம். ஆனால் எந்த வயலின், எந்த இடம் என்ற இரண்டிலும் தப்பு வரக்கூடாது. போனில் சொன்னால் பாதி மறந்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

முதலில், உன் நல்ல வயலினைக் கொண்டுபோகாதே. அதன் பலகைகள் வஜ்ஜிரத்தால், அதாவது விலங்குத் தோல் பசையால், ஒட்டியவை. ஈரமும் சூடும் சேர்ந்தால் வஜ்ஜிரம் இளகும், ஓரத்தில் ஒட்டு விடும். பலகை வெடிப்பதற்குப் பதில் ஒட்டு விடட்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள், பழுது பார்ப்பவனுக்கு அது வசதி. ஆனால் கோத்தகிரியில் ஒட்டு விட்டால் நீ கோயம்புத்தூர் இறங்கி வரவேண்டும். இங்கே பரணில் கிடக்கும் மாணவர் வயலினை அனுப்புகிறேன். ஒட்டுப்பலகை (பிளைவுட்) உடம்பு. நாதம் தகரம் மாதிரிதான் இருக்கும், ஆனால் ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது. வில் மட்டும் கார்பன் ஃபைபர். மர வில் அந்த ஊர் மூடுபனிக்கு வளைந்துவிடும்.

இனி இடம். உன் ஃபேக்டரிக்குள்ளேயே நாலு ஊர் வானிலை இருக்கிறது, அம்மிணி. இலை நொதிக்கும் அறையில் காற்றின் ஈரப்பதத்தை 90 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பீர்கள். டிரையர் பக்கம் அனல். சலிக்கும் அறையில் காய்ந்த காற்றும் நார்த்தூசியும். வாட்டும் தொட்டி இருக்கும் மாடியில் நேரத்துக்கு ஒரு மாதிரி. இந்த நாலு இடத்திலும் வயலினை வைக்காதே. தயாரிப்புப் பகுதிக்குள் சொந்தப் பொருள் வைக்கச் சுகாதார விதிப்படி விடவும் மாட்டார்கள், விடவும் கூடாது. வில்லில் இருப்பது குதிரை மயிர், வாசிக்கும்போது ஒன்றிரண்டு அறுந்து விழும். அது தேயிலையில் கிடந்தால் உன் வேலைக்கே வம்பு. அதனால் மானேஜரிடம் கேட்டு ஆபீஸ் அறையில், உள்சுவரை ஒட்டிய மர அலமாரியின் நடுத்தட்டை வாங்கிக்கொள். வெளிச்சுவர் இரவில் குளிர்ந்து ஈரம் கோக்கும். இரும்பு பீரோ அதைவிட மோசம், காலையில் உள்பக்கம் தொட்டுப் பார், பிசுபிசுவென்று இருக்கும். ஜன்னலுக்கு அருகிலும் வேண்டாம். வெயில் ஒரு காரணம், குரங்கு இன்னொரு காரணம்.

தேயிலை அக்கம்பக்கத்து வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூச்சி வராமல் இருக்கப் பெட்டிக்குள் நாப்தலின் உருண்டையோ கற்பூரமோ போடுவது இங்கே எல்லோருக்கும் பழக்கம். அங்கே அது கூடாது. அதற்குப் பதில் வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து வெளிச்சத்தில் கால் மணி நேரம் வை, மூலைகளைத் தூரிகையால் தட்டு. வில்லின் மயிரைத் தின்னும் பூச்சி இருட்டில், மூடியே கிடக்கும் பெட்டியில்தான் பெருகும். வில் மயிரில் தேய்க்கும் பிசினான ராசின் வயலினில் படிந்தால் அதைத் துடைக்க நீலகிரித் தைலம் நல்லது என்று அங்கே யாராவது சொல்வார்கள். ராசின் போகும், கூடவே வார்னிஷும் இளகும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் படியவே படியாது.

ஈரத்தை அளக்காமல் எதுவும் செய்யாதே. சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று பார்சலில் இருக்கிறது, பெட்டிக்குள் வில் பக்கம் ஒட்டிவிடு. 45 முதல் 60 வரை காட்டினால் ஒன்றும் செய்ய வேண்டாம். 65 தாண்டினால் 50 கிராம் சிலிக்கா ஜெல் பை இரண்டைப் போடு, வயலினை நேரே தொடாமல் கழுத்துக்கு அடியில் இருக்கட்டும். நான் அனுப்புவது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், ஈரம் குடித்தால் பச்சையாக மாறும். அப்போது பழைய தகரத்தட்டில் பரப்பி, சுமார் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி ஆரஞ்சு ஆகிவிடும். கடையில் நீல நிறத்தில் விற்பதை வாங்காதே. அதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, சமையல் செய்யும் வீட்டுக்கு ஆகாது. இரண்டே நாளில் பச்சையானால் ஜெல்லைக் குறை சொல்லாதே, பெட்டியின் ஜிப்பைப் பார்.

கோத்தகிரிக்குப் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அந்த மூன்று மாதமும் ஜெல் வேண்டும். ஜனவரி பிறந்து பனி விழ ஆரம்பித்தால் பகல் காற்று நன்றாகக் காயும். மார்ச் வரை மீட்டரைப் பார்த்துக்கொண்டே இரு. 40க்குக் கீழே போனால் ஜெல்லை எடுத்துவிட்டு, ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் ஒட்டப் பிழிந்த பஞ்சு ஒன்றை வை. ஒரு சொட்டு நீர்கூடச் சொட்டக்கூடாது. எனக்குத் தெரிந்து மலைக்கு வரும் வயலின்கள் மழையில் கெடுவதைவிட, மழைக்குப் போட்ட ஜெல்லை ஜனவரியிலும் எடுக்காமல் விடுவதால்தான் அதிகம் கெடுகின்றன.

மழைக்காலத்தில் இன்னொன்று நடக்கும். மேல்பலகை லேசாக உப்பும், அதோடு கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரையும் உயரும், கம்பி விரல்பலகையை விட்டு எழும்பும். அழுத்தினால் விரல் வலிக்கும். ஒட்டுப்பலகையில் இது கம்மி, ஆனாலும் உண்டு. உடனே குதிரையைச் சீவிக் குறைக்கச் சொல்லி யாரிடமும் கொடுத்துவிடாதே. வெயில் வந்தால் பலகை இறங்கும், அப்போது கம்பி விரல்பலகையில் உரசி இரையும்.

கம்பியை முறுக்கும் பிருடைகளும் இதே கதைதான். ஈரத்தில் ஊறி இறுகிக்கொள்ளும். இடுக்கி போட்டுத் திருப்பினால் தலை தனியாக வந்துவிடும். ஒருநாள் ஜெல்லோடு மூடி வைத்துவிட்டு, வெளிப்பக்கம் லேசாக இழுத்தபடி திருப்பு, விட்டுக்கொடுக்கும். காய்ந்த காலத்தில் வழுக்கும், அப்போது உள்ளே அழுத்தியபடி திருப்பு. நாலு கம்பிக்கும் ஃபைன் ட்யூனர், அதாவது சுருதியை நுணுக்கமாகச் சேர்க்கும் சின்னத் திருகு, போட்டு அனுப்புகிறேன், தினமும் பிருடையைத் தொட வேண்டி வராது. ஆனால் அந்தத் திருகை முழுக்க உள்ளே இறக்கிவிட்டால் அதன் அடி நாக்கு மேல்பலகையைக் கீறும். பாதிக்கு மேல் இறங்கியதும் திருகைத் தளர்த்திவிட்டு, பிருடையால் சுருதியை ஏற்றிக்கொள். பிருடை முறுக்கினாலே குதிரையின் தலை விரல்பலகைப் பக்கம் சாயும். வயலினை மடியில் வைத்து, இரண்டு கை கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் குதிரையின் மேல் ஓரத்தைப் பிடித்து நிமிர்த்து. கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸ் பக்கத்து முகம் பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாகவே மாற்று. நாலையும் ஒன்றாகத் தளர்த்தினால் உள்ளே இரண்டு பலகைக்கும் நடுவில் நிற்கும் சின்ன மரக்குச்சியான சவுண்ட் போஸ்ட் விழுந்துவிடும். அதை ஒட்டியிருக்கவில்லை, அழுத்தத்தில்தான் நிற்கிறது. விழுந்தால் கம்பியை ஏற்றாமல் அப்படியே விட்டுவிட்டு என்னைக் கூப்பிடு.

வில்லின் மயிர் ஈரத்தில் நீளும், காய்ந்தால் சுருங்கும். காலை மூடுபனியில் முறுக்கிவிட்டு அப்படியே வைத்தால் மத்தியானம் வில் விண்ணென்று நிற்கும். நடுவில் குச்சிக்கும் மயிருக்கும் ஒரு பென்சில் தடிமன் இடைவெளி, வாசித்ததும் தளர்த்து, அவ்வளவுதான். ராசின் கறுப்பு ரகம் அனுப்புகிறேன், அது மிருதுவானது, குளிரிலும் நன்றாகப் பிடிக்கும். நாலு இழுப்பு போதும். தேயிலைத் தூள் விரலில் இருந்தால் ராசினோடு சேர்ந்து மயிரில் அப்பி, கிரீச்சென்று கத்தும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போக முழுக்கத் துடைத்த பிறகு எடு. ஈரக்கை பட்டால் முதல் கம்பி துருப்பிடிக்கும்.

வாசிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. டீ இடைவேளை பத்து நிமிடம் என்றாய். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்தின் சத்தத்திலிருந்து வந்த காது கொஞ்ச நேரம் மந்தமாகவே இருக்கும், அந்தக் காதை நம்பிச் சுருதி சேர்க்காதே. சுருதி காட்டும் கிளிப் ட்யூனரை வயலினின் தலையில் மாட்டி ஸ-ப-ஸ-ப வை. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் அதற்குச் செலவிடாதே. சுருதி சேராத நாளில் சண்டை போடாமல் வெறும் வில் பயிற்சி செய், நீளமாக இழுத்து நாதத்தை மட்டும் கேள். குளிர்ந்த விரலோடு வேகமாகப் போகாதே. முதலில் சரளி வரிசை மெதுவான முதல் காலத்தில், பிறகு ஜண்டை வரிசையில் ஒன்று. மீதி நேரத்தில் ஒரு வர்ணத்தின் ஒரு சிட்டஸ்வரத்தை மட்டும் எடுத்துக்கொள், வாரம் முழுக்க அது ஒன்றே போதும். முழுக் கீர்த்தனையை ஆரம்பித்தால் பல்லவியிலேயே மணி அடித்துவிடும். நாற்காலியில் நமது பாணியில் வயலினின் தலையைக் காலில் வைக்க முடியாது, தரையிலோ சில்லிடும். ஒரு பாயும் மடித்த கம்பளியும் அலமாரியில் வைத்துக்கொள். மற்றவர்கள் இளைப்பாறும் நேரம் அது, எனவே சத்தத்தைக் குறைக்கும் ரப்பர் மியூட்டைக் குதிரையில் மாட்டி வாசி. முடித்ததும் அதைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மூடு.

கூட வேலை பார்க்கும் பையன் புல்லாங்குழல் கொண்டுவருகிறான், மலைக்கு வந்ததும் சுருதி இறங்கிவிட்டது, உயரம்தான் காரணம் என்கிறான் என்றாய். உயரம் காரணமில்லை, குளிர்தான். குழலுக்குள் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் இறங்கும், 100 சென்ட் சேர்ந்தால் ஒரு ஸ்வரஸ்தானம். சமவெளிக்கும் கோத்தகிரிக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றால் ஏறக்குறைய பாதி ஸ்தானம் போய்விடும். மூச்சுச் சூட்டில் அதில் ஒரு பங்கு திரும்ப வரும். எனவே வாசிக்கும் முன் துளைகளை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் மெதுவாக உள்ளே ஊதி, குழலைச் சூடாக்கச் சொல். பிறகு உள்ளே நீர் கோக்கும், துணி சுற்றிய குச்சியால் துடைக்க வேண்டும். மிருதங்கம் கொண்டுவருகிறேன் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடு. அந்த ஈரத்தில் தோல் தொய்ந்துகொண்டே இருக்கும், இடது பக்கத் தொப்பிக்கு ரவை பூசிச் சுருதி சேர்ப்பதற்குள் ஷிஃப்ட் முடிந்துவிடும்.

பார்சல் சனிக்கிழமை மேட்டுப்பாளையம் வழியாக பஸ்ஸில் வரும். கம்பிகளை ஒரு ஸ்வரம் இறக்கி வைத்திருக்கிறேன், குதிரைக்கு அடியில் துணி கொடுத்திருக்கிறேன். வந்ததும் பெட்டியை உடனே திறக்காதே. அறையின் சூட்டுக்கு வர அரைமணி நேரம் விடு, இல்லாவிட்டால் குளிர்ந்த பலகையில் வியர்க்கும். பிறகு துணியை எடுத்துவிட்டுக் கம்பிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. புதுக் கம்பி என்பதால் நாலைந்து நாளைக்கு இறங்கிக்கொண்டே இருக்கும், பயப்படாதே. மாற்றுக் கம்பி ஒரு செட் பெட்டி ஜேபியில் இருக்கிறது. மானேஜர் எந்த அலமாரி கொடுத்தார், முதல் வாரம் மீட்டர் காலையும் மாலையும் என்ன காட்டுகிறது, இரண்டையும் எழுதி அனுப்பு. அதைப் பார்த்து ஜெல்லைக் கூட்டுவதா குறைப்பதா என்று சொல்கிறேன்.

அம்மா ஸ்வெட்டரையும் அதே பெட்டியில் திணிக்கப் பார்த்தாள். தனிப் பையில் வருகிறது.

அன்புடன்,
அப்பா