மாத வருமானம் என்ற பெயரில் போட்ட முதலீட்டுப் பணத்தையே பிரித்துத் தருவது குறித்துப் புகார்

அனுப்புநர்:
முதலீட்டாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்:
முதலீட்டாளர் குறைதீர் அலுவலர்,
மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனம், சென்னை.

பொருள்: வெளிநாட்டு வருமான ஃபண்டின் துண்டறிக்கை, கணக்கு அறிக்கை தொடர்பாக.

ஐயா,

தங்கள் கடலூர் கிளையில், வெளிநாட்டுக் கடன் பத்திரங்களில் பணம் போடும் இந்த ஃபண்டை ‘எஃப்.டி. போல மாதாமாதம் பணம்’ என்று சொல்லி விற்கிறார்கள். துண்டறிக்கையின் முன்பக்கம் முழுக்க அதுதான். ஆபத்து ‘மிக அதிகம்’ என்று முள் காட்டும் ரிஸ்கோமீட்டர் படம், பின்பக்க மூலையில் கட்டைவிரல் நகமளவு.

கணக்கைப் பாருங்கள். என்.ஏ.வி. (ஒரு யூனிட்டின் மதிப்பு) 10 ரூபாயாக இருந்தபோது போட்ட 10 லட்சத்துக்கு 1 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு மாதம் 8 பைசா வீதம் ஆண்டில் 96,000 ரூபாய் வந்தது. ஆண்டு முடிவில் என்.ஏ.வி. 9.40, போட்ட பணத்தில் 60,000 ரூபாய் கரைந்துவிட்டது. உண்மையான வரவு 36,000தான். வரியோ 96,000க்கும் உண்டு. 20 சதவீத வரம்பில் இருப்பவர், செஸ் நீங்கலாக, 19,200 கட்டினால் மிச்சம் 16,800. இதற்கு 4 சதவீதம் தரும் அஞ்சலக சேமிப்புக் கணக்கே தேவலை.

இப்படித் தரும் பங்கீட்டுத் தொகையில் வருமானம் எவ்வளவு, போட்ட முதல் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்பது, 2021 ஏப்ரல் முதல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி. எனக்கு வந்த அறிக்கையில் ஒரே தொகைதான்.

‘டாலர் ஏறினால் லாபம்’ என்று சொல்லி விற்பதும் அரை உண்மை. டாலர் பத்திரங்களுக்குத்தான் அது பொருந்தும். அந்தந்த நாட்டின் சொந்த நாணயத்தில் வெளியிட்ட பத்திரமென்றால் ரூபாய்க்கு எதிராக அந்த நாணயம் என்ன ஆகிறது என்பதே கேள்வி. 2021 தொடக்கத்தில் டாலருக்கு ஏழரை லிரா அளவில் இருந்த துருக்கி நாணயம், ஆண்டு முடிவில் 13ஐத் தாண்டியது. அந்தச் சரிவை எந்த வட்டியும் ஈடுகட்டாது. டாலர் பத்திரத்திலோ, கடனைத் திருப்பித் தர முடியாது என்று நாடே கைவிரிக்கலாம்: 2022 ஏப்ரலில் இலங்கை, டிசம்பரில் கானா. கூடுதல் வட்டி கிடைப்பதே இந்த ஆபத்துக்காகத்தான் என்று துண்டறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

இது இன்னொரு ஃபண்டில் பணம் போடும் ‘ஃபண்ட் ஆஃப் ஃபண்ட்ஸ்’ என்பதால் அடியிலுள்ள அந்த ஃபண்டின் கட்டணமும் சேர்கிறது. அதையும் காணோம்.

எனவே, பங்கீடுகளின் பிரிப்பு விவரமும், எந்த நாணயத்தில், எந்தக் கடன் தரக்குறியீட்டில் எத்தனை சதவீதம் என்ற பட்டியலும், நாணய ஏற்ற இறக்கத்துக்குப் பாதுகாப்பு (ஹெட்ஜிங்) உண்டா என்ற பதிலும் எழுத்தில் தேவை. துண்டறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். தவறான விளக்கத்தின் பேரில் விற்றதால், வெளியேற விரும்புவோருக்கு எக்ஸிட் லோடு (வெளியேறும் கட்டணம்) பிடிக்கக் கூடாது.

21 நாட்களுக்குள் பதில் இல்லையெனில் செபியின் ஸ்கோர்ஸ் புகார்த் தளத்தில் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
முதலீட்டாளர்

இணைப்பு: துண்டறிக்கை, கணக்கு அறிக்கை நகல்கள்.