கரையில் விட்டுப்போகும் தூண்டில் முள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உப்பங்கழியில் தூண்டில் போட்டுக் கழித்த ஒரு பிற்பகலைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொடுவா மீனின் இழுப்பையும் கழியின் அமைதியையும் அழகாகச் சொன்ன கட்டுரையாளர், உடன் வந்த நாய்களைப் பற்றி மட்டும், அவை கரையில் ஓடி விளையாடின என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியில் விடுபட்டதை எழுதவே இக்கடிதம்.

எங்களுக்குக் காவேரிப்பட்டணம். கிருஷ்ணகிரி அணையைக் கடந்து வரும் தென்பெண்ணை எங்கள் ஊரை ஒட்டித்தான் ஓடுகிறது. ஆற்றோரம் உட்கார்ந்து ஜிலேபிக்கும் கெண்டைக்கும் தூண்டில் போடுவது என் கணவருக்கு நெடுநாள் பழக்கம். மணி, செவலை என்ற எங்கள் இரண்டு நாட்டு நாய்களும் அவருடன் போகும். பொங்கல் கழிந்து கடலூரில் உள்ள என் தங்கை வீட்டுக்குச் சென்றபோது, அதே தென்பெண்ணை கடலில் கலக்கும் இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதால், நாய்களையும் அழைத்துக்கொண்டு இரண்டு மணியளவில் முகத்துவாரத்துக்கு அருகே ஒரு கழியோரம் போய்ச் சேர்ந்தோம்.

கடல்நீர் கழிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. கணவர் வழக்கம்போல மைதா மாவை உருட்டி முள்ளில் வைத்ததைப் பார்த்து, பக்கத்தில் வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர், "கெண்டைக்குப் போடுறத இங்க போட்டா மோந்துகூடப் பாக்காதுங்க" என்று சிரித்தபடி உயிர் இறால் நாலைந்து கொடுத்தார். அதற்கு இரண்டு கிழங்கானும் ஒரு கெளிறும் விழுந்தன. முதுகிலும் பக்கத் துடுப்புகளிலும் நஞ்சுள்ள முள் இருப்பதால், நாய்கள் மோப்பம் பிடிக்க வருமுன் அந்தக் கெளிற்றின் முட்களைப் பெரியவரே ஒடித்துப் போட்டார். கொடுவா எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதைப் பற்றிக் கணவர் இன்றுவரை பேசுவதில்லை.

ஆற்று நீரை வயிறு முட்டக் குடித்து வளர்ந்தவை எங்கள் நாய்கள். தண்ணீர் என்றால் குடிப்பதற்கு என்பதைத் தவிர வேறொன்றும் அறியாதவை. மணி நாலு நக்கு நக்கிவிட்டுத் தும்மிப் பின்வாங்கியது. நண்டுகளைத் துரத்தி இளைத்துப்போயிருந்த செவலையோ தாகத்தில் நிறையவே குடித்துவிட்டது. நாங்கள் கொண்டுபோன ஒரே புட்டித் தண்ணீரை அதற்குள் நாங்களே தீர்த்திருந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இருட்டுவதற்குள் அது இரண்டு முறை வாந்தியெடுத்தது. உப்புநீர் மிகுதியாக உள்ளே போனால் நாயின் உயிருக்கே ஆபத்து என்று பிறகு மருத்துவர் சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

அதைவிடக் கொடுமை திரும்பும்போது நடந்தது. யாரோ அறுத்துப் போட்ட தங்கூஸ் நரம்பு, அதாவது தூண்டிலில் கட்டும் நைலான் இழை, சேற்றில் சுருண்டு கிடந்தது. அதன் முனையில் காய்ந்த இறாலோடு ஒரு முள். இறால் வாசனைக்கு வாய் வைத்த மணியின் மேலுதட்டில் முள் ஏறிவிட்டது. பதறிப்போய் நான் நரம்பைப் பிடித்து இழுக்கப் பார்க்க, அந்தப் பெரியவர் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார். முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்த்திசையில் ஒரு கொக்கி இருப்பதால், இழுக்க இழுக்கச் சதையைக் கிழிக்குமே தவிர வெளியே வராது. கணவர் நாயை மடியில் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் முள்ளை வந்த வழியே இழுக்காமல் முன்னோக்கித் தள்ளி, நுனி உதட்டின் மறுபுறம் வந்ததும் கட்டிங் பிளேயரால் அதை நறுக்கிவிட்டு, மிச்சத்தைப் பின்புறமாக உருவினார். உதடு என்பதால் தப்பித்தோம். முள்ளை விழுங்கிவிட்டு நரம்பு மட்டும் வாயில் தொங்கினால் அதைத் தொடவே கூடாது, நேரே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றும் அவர் சொன்னார்.

ஊர் திரும்பிய பிறகு எங்கள் ஆற்றங்கரையை முதன்முறையாகக் குனிந்து பார்த்தபடி நடந்தேன். ஒரே காலையில் ஒரு சொம்பு நிறையும் அளவுக்கு நரம்பும், ஒன்பது முட்களும், சில ஈயக்குண்டுகளும் கிடைத்தன. அவற்றில் கணவர் விட்டுவந்தவையும் இருக்கக்கூடும், அவர் மறுக்கவில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெங்கல் புயலால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, தென்பெண்ணையின் வெள்ளம் கடலூர் வரை கரையோர ஊர்களைச் சூழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஆறு எங்கள் கரையில் கிடக்கும் நரம்பை மட்டும் இங்கேயே விட்டுவைக்குமா? மணியின் உதட்டில் ஏறிய முள் எந்த ஊரிலிருந்து வந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்!

ஆகவே, அணைப் பகுதியிலும் மக்கள் வழக்கமாகத் தூண்டில் போடும் ஆற்றுப் படித்துறைகளிலும் அறுந்த நரம்பையும் முள்ளையும் போடுவதற்கென்று மூடியுள்ள தொட்டிகளை வைக்குமாறு மீன்வளத் துறையையும் உள்ளாட்சி அமைப்புகளையும் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தொட்டி வரும்வரை, ஒரு பழைய மூடிபோட்ட டப்பாவைத் தூண்டில் பையில் வைத்துக்கொள்வது யாருக்கும் பாரமாக இராது. என் கணவர் இப்போது வைத்திருக்கிறார். கழிக்கு நாயோடு போகிறவர்கள், தங்களுக்குக் கொண்டுபோவதைப் போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை அதற்கெனத் தனியே எடுத்துச் செல்லட்டும்.

மணியின் உதடு ஆறிவிட்டது. செவலைதான் இப்போதும் எங்கள் ஆற்று நீரைக்கூட நுனி நாக்கால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டே குடிக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.