வள்ளி கும்மி வீடியோவும் பேட்டரியும்

ஆசிரியருக்கு வணக்கமுங்க. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடி விசேஷத்துக் குதிரைச் சந்தை, கண்ணபுரம் மாட்டுச் சந்தை, ஊரூருக்கு விடிய விடிய நடக்கற வள்ளி கும்மின்னு நம்ம பக்கம் வீடியோ கேமராவத் தூக்கிட்டுப் போறவங்க இப்ப நெறைய ஆயிட்டாங்க, ஆனா கேமராவ ரொம்ப நேரம் ஓட்டறதுக்குப் பவர் பேங்கோ பேட்டரியோ வாங்கறப்ப மட்டும் எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர்-அவர்) நம்பரப் பாத்தே மயங்கிர்றாங்க.

பாக்க வேண்டியது வாட்-அவருங்க, அதாவது பேட்டரிக்குள்ள இருக்கற மொத்த சக்தி. பவர் பேங்க்ல 20,000 எம்ஏஹெச்னு போட்டிருக்கறது உள்ள இருக்கற 3.7 வோல்ட் செல்லோட கணக்கு, அதாவது 20 ஆம்பியர்-அவர், அத 3.7 வோல்ட்டால பெருக்கிப் பாத்தா 74 வாட்-அவர், அதுலயும் வோல்ட்ட ஏத்தறதுல கொஞ்சம் சூடாவே போயிரும், கேமரா 8 வாட் இழுத்தா ஏழெட்டு மணி நேரம் ஓடுனாப் பெருசு. அப்பறம் சில பவர் பேங்க் கரண்ட் கம்மியா இழுத்தா தானா ஆஃப் ஆயிருமுங்க, ஸ்டேண்ட்பைல வெச்சுட்டு டீ குடிக்கப் போனா அவ்வளவுதான். டைப்-சி இருக்குதேன்னு நம்பிரவும் வேண்டாம், ஓடறப்பவே பவர் எடுக்குமா, ஆஃப்ல சார்ஜ் மட்டும் ஏறுமான்னு மேனுவல்ல பாருங்க. எடுக்காதுன்னா அந்த மாடலுக்குன்னே விக்கற டம்மி பேட்டரி (பேட்டரி எடத்துல சொருகி, ஒயர் வழியா வெளிய இருந்து பவர் குடுக்கறது) வாங்கோணும்.

வெலை கம்மின்னு 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர்-அவர்) லெட்-ஆசிட் பேட்டரியத் தூக்கிட்டு வர்றவங்களும் இருக்காங்க, கணக்குக்கு 84 வாட்-அவர், ஆனா ரெண்டு கிலோவுக்கு மேல கனம், சார்ஜப் பாதிக்கு மேல எறக்கிட்டே இருந்தா சீக்கிரம் செத்துப் போயிரும், நடுவுல வோல்ட்டக் கொறைக்கற கன்வெர்ட்டர் இல்லாம நேரா சொருகுனா கேமராவே போயிரும்.

கோயம்புத்தூர்ல பிளைட் ஏறறவங்க 100 வாட்-அவருக்குள்ள வாங்கிக்குங்க, அதுவும் கைப்பையிலதான் வெக்கோணும்.

கடைக்காரங்க விலைச் சீட்டுல வாட்-அவரையும் பெருசா எழுதுனா நல்லா இருக்கும், உங்க பேப்பர்லயும் இதப் பத்தி விவரமாப் போடுங்க.

- வாசகர், கோபிசெட்டிபாளையம்