பசியை அடக்கும் பொடிகள்: உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களின் உணவுப் பாதுகாப்புத் துறை நியமன அலுவலர்களுக்கு,

வணக்கம். நான் காங்கயம் வட்டத்தில் வசிப்பவன். பள்ளியில் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். பசியை அடக்கும், சீக்கிரம் வயிறு நிறையச் செய்யும் என்று சொல்லி நம் பகுதிக் கடைகளிலும் கைப்பேசி வழியாகவும் விற்கப்படும் மூலிகைப் பொடிகளையும் மாத்திரைகளையும் குறித்துத் தங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

என் தங்கை மகளுக்குத் திருமணம் நிச்சயமானதும், யாரோ சொல்லக் கேட்டு அப்படியொரு பொடியை வாங்கி, காலையும் இரவும் வெந்நீரில் கலக்கிக் குடித்து வந்தாள். முதல் மூன்று வாரம் பசியே எடுக்கவில்லை என்று மகிழ்ச்சியாகச் சொன்னாள். ஆறாவது வாரத்தில் கண் மஞ்சளாகி, சோற்றைக் கண்டாலே குமட்டியது. மருத்துவமனையில் முதல் கேள்வியே "மூலிகை மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்பதுதான். டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதில் 'நூறு சதவீதம் இயற்கை, பக்கவிளைவு அற்றது' என்று பெரிய எழுத்தில் இருந்தது. எந்தச் செடி, எந்தப் பாகம், எத்தனை மில்லிகிராம் என்று ஓரிடத்திலும் இல்லை. பொடியை நிறுத்தியபின் அவள் மெல்லத் தேறிவிட்டாள். காமாலைக்குப் பொடிதான் காரணமா என்று மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாதபோது அவர் எதை வைத்துச் சொல்வார்?

செடிகளுக்குப் பசியை மாற்றும் ஆற்றல் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. சிறுகுறிஞ்சான் இலையை ஆண்டுதோறும் வகுப்பில் மாணவர்களுக்கு மெல்லக் கொடுத்திருக்கிறேன். ஒரு நிமிடம் மென்று துப்பிவிட்டு, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தால் மணலை வைத்ததுபோல் இருக்கும். பிள்ளைகள் முகத்தைச் சுளித்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணரிகளில் ஒட்டிக்கொண்டு, ஏறக்குறைய அரைமணி நேரம் இனிப்பை மறைக்கின்றன. அந்த அமிலத்தை 1887-இல் பிரித்தெடுத்து அறிவித்தவர், நமக்கு மிக அருகில், உதகமண்டலத்தில், மலேரியா மருந்து எடுக்கப் பயன்பட்ட சிங்கோனாப் பட்டைக்கு அரசு வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர்.

எங்கள் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், முள்கிளுவை வேலியின் நிழலில் கள்ளிமுளையான் முளைத்திருக்கும். விரல் தடிமனில், பட்டை பட்டையாக, சதைப்பற்றோடு இருக்கும் அந்தத் தண்டை ஆடு மேய்ப்பவர்கள் ஒடித்து மென்றபடி போவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அதன் சாரத்தை நாளுக்கு ஒரு கிராம் வீதம் 60 நாள் கொடுத்துப் பெங்களூரில் 50 பேரிடம் நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. பசியுணர்வும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன. ஆனால் உடல் எடையில், மருந்தில்லாத வெற்று மாத்திரை உண்டவர்களோடு ஒப்பிட, உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. விளம்பரங்களில் முதல் பாதி மட்டுமே வருகிறது.

கொடம்புளியின் கதை இன்னும் கவலைக்குரியது. மலையாளக் கரையோரச் சமையலில் மீன் குழம்புக்கு இரண்டு சுளை போடுகிறார்கள். அதனால் யாருக்கும் கேடு வந்ததாக நான் அறியேன். அதே பழத்தோலிலிருந்து ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலத்தைச் செறிவாக்கி, பசியைக் குறைக்கும் என்று மாத்திரையாக விற்கிறார்கள். 1998-இல் அமெரிக்காவில் 135 பேரிடம் 12 வாரம் நடத்திய ஆய்வில், எடைக் குறைப்பில் அது வெற்று மாத்திரையைவிட மேலானதாக இல்லை. பலனோ இவ்வளவுதான், கல்லீரல் பாதிப்போ மருத்துவ இதழ்களில் தொடர்ந்து பதிவாகி வருகிறது. ஈரோட்டு மஞ்சளுக்கும் இதே நிலைதான். குழம்பில் போடும் மஞ்சள் தலைமுறைகளாக நாம் உண்பது. அதிலுள்ள குர்குமின் என்ற மஞ்சள் நிறப் பொருளைச் செறிவாக்கி, உடலில் கூடுதலாக உறிஞ்சப்படுவதற்காக மிளகின் காரப் பொருளான பைபரினையும் சேர்த்து விற்கும் மாத்திரையால் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்திருக்கிறது. உணவாக உண்ணும் செடி வேறு, வடித்துச் செறிவாக்கிய சாரம் வேறு என்பதை வாங்குபவர் அறிந்தாக வேண்டும். டப்பாவின் மேலுள்ள எழுத்தைத் தவிர அதை அறிய அவருக்கு வேறு வழியில்லை.

வயிறு நிறைந்த உணர்வு எப்படி வருகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. இரைப்பை விரிவதை நரம்பு மூளைக்குச் சொல்கிறது. உணவு குடலை அடைந்ததும் கோலிசிஸ்டோகைனின், ஜிஎல்பி-1 முதலிய இயக்குநீர்கள் சுரந்து 'போதும்' என்ற செய்தியை அனுப்புகின்றன. ராகிக் களியும் கொள்ளும் வெந்தயமும் இவற்றைத் தூண்டுவதில் மாயம் ஒன்றுமில்லை. வெந்தயத்தின் வழவழப்பான நார் நீரை இழுத்துக் கெட்டியாகி, இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதை மெதுவாக்குகிறது. கொள்ளில் நூற்றுக்கு ஏறத்தாழ 22 பங்கு புரதம் இருக்கிறது. செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் நாரை நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலங்களும் அதே இயக்குநீர்களைச் சுரக்கச் செய்கின்றன. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று நம் பெரியவர்கள் சொன்னது தட்டில் வைத்து உண்ணும் அளவை மனத்தில் கொண்டுதான். காலையில் களியும் கொள்ளுச் சாறும் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போன என் அம்மா உச்சிப்பொழுது வரை பசி என்று சொன்னதில்லை. இந்தப் பலன் மெதுவானது, மிதமானது. மூன்றே நாளில் பசி அடியோடு அற்றுப்போகிறது என்றால், அந்தப் பொடியில் செடி மட்டும்தான் இருக்கிறதா என்று ஐயப்பட வேண்டும்.

இந்த ஐயம் ஆதாரமற்றதன்று. சிபுட்ரமின் என்ற பசியடக்கி மருந்து, மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்டு, பின்னர் இந்தியாவிலும் தடை செய்யப்பட்டது. தடைக்குப் பிறகும் 'மூலிகை' என்ற பெயரில் விற்ற மெலிவுப் பொருட்களில் அது கலந்திருந்ததைப் பல நாட்டு ஆய்வகங்கள் கண்டுபிடித்திருக்கின்றன.

ஆகவே, தங்கள் மாவட்டங்களில் விற்கப்படும் இத்தகைய பொடிகளின் மாதிரிகளை எடுத்து, சிபுட்ரமின் போன்ற கலப்பு மருந்துகள் உள்ளனவா என்று பரிசோதிக்கக் கோருகிறேன். கோவையிலுள்ள அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் அதற்கு வசதி இல்லையெனில், வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். செடியின் பெயர், பயன்பட்ட பாகம், பொடியா சாரமா, ஒரு வேளைக்கு உண்ணும் அளவு ஆகியவை தமிழில் அச்சிடப்படாத டப்பாவைக் கடையில் வைக்க இடம் தராதீர்கள். உணவு என்று கேட்டால் சித்த மருந்து என்றும், மருந்து என்று கேட்டால் உணவு என்றும் சொல்லி விற்பவர்கள் நழுவுகிறார்கள். எனவே சித்த மருந்துகளைக் கண்காணிக்கும் ஆய்வாளர்களும் தாங்களும் ஒன்றாகச் சென்றால்தான் இது பிடிபடும். உடல் பருமனைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம் தடுக்கிறது. தவறான உணவு விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. சட்டம் போதாது என்று நான் சொல்ல வரவில்லை. பரிசோதனை முடிவுகளைத் தமிழில், பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடவும் வேண்டுகிறேன்; நேர்மையாக மருந்து செய்யும் சித்த வைத்தியர்களுக்கும் அதுவே பாதுகாப்பு.

எங்கள் வீட்டு டப்பாவில் அடியில் நான்கைந்து கரண்டிப் பொடி மீதமிருக்கிறது. திறந்த டப்பாவைச் சட்டப்படியான மாதிரியாக ஏற்க இயலாமல் போகலாம் என்பதை அறிவேன். இருந்தாலும் வாங்கிய ரசீதோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். தங்கள் அலுவலர் எவர் வந்தாலும் ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
காங்கயம் வட்டம்.