பள்ளிக்கரணைக் கழுவெளிக்கு எல்லைக்கல் நடக் கோரும் மனு

அனுப்புநர்:
பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தெருக்களில் குடியிருப்போர்,
பள்ளிக்கரணை, சென்னை – 600 100.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சென்னை மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொருள்: பள்ளிக்கரணை ராம்சார் நிலத்தின் (ராம்சார் உடன்படிக்கைப்படி பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலத்தின்) எல்லையைப் புல எண் வாரியாக அளந்து கல் நடவும், அந்தப் புல எண்களின் பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவும் கோருவது தொடர்பாக.

எங்கள் தெருக்காரர்கள் அனைவரின் சார்பிலும் இந்த மனுவை எழுதுகிறேன். 2009இல் இங்கே வீடு வாங்கினேன். வாங்கும் முன் ஒருவர் என்னென்ன பார்ப்பாரோ அத்தனையும் பார்த்தேன். தாய்ப்பத்திரம் பார்த்தேன், முப்பது வருட வில்லங்கச் சான்று போட்டேன், பட்டாவைச் சரிபார்த்தேன், வங்கி வக்கீலின் கருத்தும் வந்தது. எல்லாம் சுத்தம் என்றார்கள். தண்ணீர் எதுவரை வரும் என்பதைச் சொல்ல அந்தக் காகிதங்களில் இடமே இல்லை. 2015 டிசம்பரில் அது எங்கள் கூடத்துக்குள் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் வந்தது. இரண்டாவது முறை மாடிப்படியில் கண்ணாடி விரியன் ஒன்று சுருண்டு கிடந்தது. அதன் இடத்துக்கு நாங்கள் வந்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இந்தப் பகுதிப் பெரியவர்கள் இந்தச் சதுப்பு நிலத்தைக் கழுவெளி என்பார்கள். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பினால் ஒன்றிலிருந்து ஒன்றாக வழிந்து கடைசியில் இங்கேதான் வந்து சேரும். நாராயணபுரம், கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், செம்பாக்கம் என்று சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீர் இதை நோக்கித்தான் ஓடி வருகிறது. வந்த நீரைக் கோரையும் சம்புமாகப் பரந்து கிடக்கும் இந்தத் தாழ்வு நிலம் தாங்கி நிறுத்தி, ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு விடுகிறது. அங்கிருந்து கோவளம் கழிமுகம், பிறகு கடல். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்த கழுவெளி இது. ஒரு பக்கம் பெருங்குடி குப்பைக்கிடங்கு, குறுக்கே ரேடியல் சாலை, சுற்றிலும் அலுவலகங்களும் குடியிருப்புகளும் என்று சுருங்கியபின் மிஞ்சியது மிகக் குறைவு. ஏரிகளிலிருந்து வரும் நீர் மட்டும் அதே அளவில்தான் வருகிறது.

இத்தனைக்குப் பிறகும் இது உயிரோடு இருக்கிறது. நவம்பர் காலையில் ரேடியல் சாலை ஓரம் நின்றால் கூழைக்கடாக்களையும் அரிவாள் மூக்கன்களையும் பார்க்கலாம். இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியைப் பார்க்கலாம். சில ஆண்டுகளில் பூநாரைகள்கூட வரும். என் மகள் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் பறவைப் பெயர் நீலத் தாழைக்கோழி. மனுவில் இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று தெருவில் சிலர் கேட்டார்கள். எழுத வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வெள்ளம் வராத ஆண்டுகளிலும் இந்த நிலத்துக்காகப் பேச நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

2007இல் இதில் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,247 ஹெக்டேர் பரப்பு ராம்சார் நிலமாக அங்கீகாரம் பெற்றது. காப்புக்காட்டுக்கு வேலி இருக்கிறது, பலகை இருக்கிறது. ராம்சார் எல்லையில் அதற்கு வெளியே உள்ள பகுதியைத் தெருவில் நிற்கும் ஒருவர் எப்படி அடையாளம் காண்பார்? வரைபடத்தில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடு எந்தப் புல எண்ணின் எந்த உட்பிரிவில் போகிறது என்பதை வருவாய்த் துறையின் நில விவரப் பதிவேடான அ-பதிவேட்டிலோ, நில அளவை வரைபடமான புலப்படத்திலோ எங்களால் பார்க்க முடியவில்லை.

ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள், 2017 ராம்சார் நிலங்களுக்குப் பொருந்தும். ஆக்கிரமிப்பு, குப்பை கொட்டுதல், சுத்திகரிக்காத கழிவுநீரை விடுதல் எல்லாவற்றையும் அவை தடுக்கின்றன. சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் எதுவும் கூடாது என்கின்றன. விதி தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்த 50 மீட்டரை எங்கிருந்து அளப்பது? அளவு நாடாவின் முதல் முனையை வைக்கத் தரையில் ஒரு கல் வேண்டும். அந்தக் கல்லைத்தான் கேட்டு வந்திருக்கிறோம்.

வருவாய்த் துறை நில அளவையர்களும் வனத்துறையினரும் சேர்ந்து ராம்சார் எல்லை முழுவதையும் அளந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் கல் நட உத்தரவிட வேண்டுகிறோம். உச்ச வெள்ள மட்டத்தையும் அதே அளவையில் குறிக்க வேண்டும். எல்லைக்குள் வரும் புல எண்களையும் 50 மீட்டர் வளையத்துக்குள் வரும் புல எண்களையும் தனித்தனிப் பட்டியலாகத் தமிழில் தயாரித்து, கிராம நிர்வாக அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும், முக்கியமாகச் சார்பதிவாளர் அலுவலகங்களிலும் ஒட்ட வேண்டும். பத்திரம் பதிய வருகிறவர் கையெழுத்துப் போடும் முன் அதைப் பார்க்கட்டும். 2009இல் அப்படி ஒரு தாள் சுவரில் இருந்திருந்தால் நான் இந்த மனுவை எழுதும் நிலை வந்திருக்காது. கட்டட அனுமதி தரும் அலுவலகங்களுக்கும் இந்தப் பட்டியலை அனுப்ப வேண்டும். அளந்து முடியும்வரை எல்லையை ஒட்டிய நிலங்களில் புதிய மனைப்பிரிவுக்கோ கட்டுமானத்துக்கோ தடையின்மைச் சான்று தராமல் நிறுத்தி வைக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

அளவையின்போது எங்கள் வீடுகளில் சிலவும் கோட்டுக்குள் வரலாம். அது தெரிந்தே இதைக் கேட்கிறோம். நம்பி வாங்கியவர்களையும் பல ஆண்டுகளாகக் குடிசை போட்டு வாழ்கிறவர்களையும் முதலில் அழைத்து விசாரியுங்கள். அளவை முடிந்த மறுநாளே பொக்லைன் குடிசைப் பக்கம் வந்து, மண் கொட்டி மேடாக்கிய பெரிய மனைகள் அப்படியே நின்றுவிட்டால், அடுத்த முறை அளக்க வரும் ஊழியருக்கு ஊரில் யாரும் ஒத்துழைக்க மாட்டார்கள்.

இன்னும் இரண்டு கோரிக்கைகள் உண்டு. இரவில் கழிவுநீர் லாரிகள் சதுப்பு ஓரத்தில் திறந்துவிட்டுப் போவது நிற்க வேண்டும். அதற்கு இரவு ரோந்தும் கேமராவும் வேண்டும், பிடிபடும் லாரியைப் பறிமுதல் செய்ய வேண்டும். ஒக்கியம் மடுவில் மண்டியிருக்கும் ஆகாயத்தாமரையையும் மண்மேட்டையும் மழைக்கு முன் அகற்ற வேண்டும். அள்ளியதை அதே கரையில் குவித்துவிட்டுப் போனால் முதல் மழையிலேயே அத்தனையும் மடுவுக்குத் திரும்பிவிடும்.

நில அளவைக்கு வரும் நாளை முன்கூட்டியே சொன்னால், 2015இலும் 2023இலும் தண்ணீர் நின்ற உயரத்தை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் காட்ட நாங்கள் உடன் வருகிறோம். கறை இன்னும் அழியவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிக் குடியிருப்போர்.

இணைப்பு: குடியிருப்போர் கையொப்பங்கள், வெள்ளநீர் நின்ற சுவர்களின் ஒளிப்படங்கள், கழிவுநீர் கொட்டப்படும் இடங்களைக் குறித்த கைவரைபடம்.