பாரியோவிலிருந்து பாக்கலாலான்: 31 கிலோமீட்டருக்கு ஏன் இரண்டு நாள்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறைக்குச் சரவாக் மேட்டுநில ஊர்களான பாரியோவுக்கும் பாக்கலாலானுக்கும் போகக் கேட்டு வருகிறவர்கள் இந்த முறை அதிகம். சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் கடையில் பலரும் கைப்பேசியைக் காட்டிக் கேட்பது இதுதான்: "பாரியோவுக்கும் பாக்கலாலானுக்கும் 31 கிலோமீட்டர்தானே? பறந்தால் சில நிமிடம். நீங்கள் ஏன் இரண்டு நாள் ஒதுக்கச் சொல்கிறீர்கள்?"

நியாயமான கேள்வி. அந்த 31 கிலோமீட்டரும் உண்மைதான். ஆனால் அது வரைபடத்தில் இரண்டு ஓடுபாதைகளுக்கு நடுவே இழுத்த நேர்கோடு. நம் தோட்டத்தில் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் லயம் கூப்பிடு தூரம்தான், பாலத்தைச் சுற்றிப் போனால்தானே எவ்வளவு தூரம் என்று தெரியும்? அங்கே நடுவில் நிற்பது முருட் மலை. 2,400 மீட்டருக்கு மேல் உயரம், சரவாக்கிலேயே உயர்ந்த மலை அதுதான்.

நாங்கள் பதிவு செய்யும் அட்டவணையில் இந்த இரண்டு ஊரையும் நேராக இணைக்கும் விமானம் இல்லை. பாரியோவிலிருந்து மீரிக்குத் திரும்பி, அங்கிருந்து லாவாஸ், அப்புறம் பாக்கலாலான். நேர்கோட்டிலேயே அளந்தாலும் 178, 168, 100 என்று மொத்தம் ஏறக்குறைய 446 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது.

தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் சொல்லும் கணக்கும் இங்கே உதவாது. அது பெரும்பாலும் ஜெட் விமானத்தின் வேகத்தில் போட்ட கணக்கு. கோலாலம்பூரிலிருந்து மீரிக்கு 1,375 கிலோமீட்டர். ஜெட் இரண்டே கால் மணி நேரம் போல எடுக்கும். மீரியிலிருந்து பாரியோ அந்தத் தூரத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான், ஆனாலும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே பறப்பது 19 பேர் அமரும் டுவின் ஓட்டர். குட்டையான ஓடுபாதையிலும் இறங்கக்கூடிய நல்ல விமானம், ஆனால் அதன் வேகம் ஜெட்டில் பாதியைக்கூட எட்டாது. உள்ளே காற்றழுத்தம் ஏற்றும் வசதி இல்லாததால் ஜெட்டைப் போல மேகத்துக்கு மேலே உயர்ந்து தப்பிக்கவும் முடியாது. பள்ளத்தாக்கை மேகம் மூடினால் விமானி காத்திருப்பார், இல்லையென்றால் திரும்பிவிடுவார். அவர் செய்வது சரி என்றே நாங்கள் நினைக்கிறோம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குடும்பத்துக்கு ஒரே நாளில் மூன்று விமானத்தையும் நாங்கள் அடுக்கிக் கொடுத்துவிட்டோம். காலையில் பாரியோவில் மேகம். முதல் விமானம் தாமதமானதும் மற்ற இரண்டும் போயின, பிள்ளைகளோடு மீரியில் இரவு தங்க வேண்டியதாயிற்று. அந்தத் தவறு எங்களுடையது. அன்றிலிருந்து மீரியில் ஓர் இரவைச் சேர்க்காமல் இந்தப் பயணத்தை நாங்கள் எழுதுவதில்லை. அந்த அறைச் செலவு உங்களுக்குக் கூடுதல் சுமை என்பது தெரியும். இருந்தாலும் அதைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

பெட்டியோடு உங்களையும் நிறுத்தி எடை பார்ப்பார்கள். சின்ன விமானத்துக்கு அது அவசியம், யாரும் கூச்சப்பட வேண்டாம். ஆளுக்கு 10 கிலோவுக்குள் கட்டுங்கள். பாரியோ அரிசி வாங்கி வர ஆசைப்படுகிறவர்கள் போகும்போதே இடம் விட்டுக் கட்டுவது நல்லது. அப்புறம், ஐசி (அடையாள அட்டை) மறக்காதீர்கள். நாம் மலேசியர்களாக இருந்தாலும் சரவாக் குடிநுழைவில் அதைக் கேட்பார்கள்.

நடந்தே போகலாமே என்று கேட்கும் இளைஞர்கள் தனியாக வந்து பேசுங்கள். அது மூன்று நான்கு நாள் காட்டுவழி, உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் நாங்கள் யாரையும் அனுப்ப மாட்டோம்.

அன்புடன்,
உங்கள் பயணச்சீட்டுக் கடையினர்,
சுங்கை சிப்புட்