பெஞ்ச் வாங்கப்போகும் என் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய, வெயிட் தூக்கப் படுக்கிற பெஞ்சுகளின் மூன்று படங்களையும் அம்மா தூங்கின பிறகு உட்கார்ந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், உனக்கும் ஆபீஸ் அவசரம். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் படி.

அம்மாவுக்கு மாவுக்கட்டு பிரிக்க இன்னும் மூன்று வாரம் ஆகும். வலது மணிக்கட்டு என்பதால் சமையல், துணி எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், தலை பின்னிவிடவும் பழகிவிட்டேன். இல்லையென்றால் அடுத்த ரயிலில் புனே வந்து நானே மாட்டிக் கொடுத்திருப்பேன். எலும்பு அடர்த்தி ஸ்கேனைக் காட்டி டாக்டர் சொன்னதை உன்னிடமும் சொன்னேன் அல்லவா, வெறும் தரையில் சறுக்கியதற்கே உடைகிற அளவுக்கு எலும்பு மெலிந்திருக்கிறது என்று. தசை இழுக்க இழுக்கத்தான் எலும்பு உறுதியாகும், நடை மட்டும் போதாது, பெண்கள் சின்ன வயதிலேயே எடை தூக்கிப் பழக வேண்டும் என்றார். அதைக் கேட்டுவிட்டு நீ, "நான் வெயிட் தூக்கப்போறேன்ப்பா" என்று சொன்னாய். நான் உடனே பதில் சொல்லவில்லை. காலேஜ் முதல் வருஷம் நம் தெருமுனை ஜிம்மில் சேர்த்துவிடச் சொல்லி நீ கேட்டபோது, பொம்பளைப் பிள்ளைக்கு அது எதற்கு என்று நான் மறுத்தது ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குச் சேர்த்திருக்க வேண்டும் கண்ணு. தப்பு என்னுடையதுதான். இப்போதாவது நல்லபடியாக ஆரம்பி.

சரி, பெஞ்சுக்கு வருகிறேன். மூன்றில் நடுவில் இருப்பதை வாங்கு, 6,200 ரூபாய் போட்டிருக்கிறதே, அது. ஏன் என்று சொல்கிறேன், நாளைக்கு அது இருப்பில் இல்லாமல் போனாலும் வேறொன்றைப் பார்த்து நீயே முடிவெடுக்கலாம்.

இந்த மாதிரி சாமான் விற்கிறவர்கள் எத்தனை கிலோ தாங்கும் என்பதைப் பெரிய எழுத்தில் போடுவார்கள், 200 என்றும் 300 என்றும். நான் அதைப் பார்க்கவே மாட்டேன். பெஞ்ச் தன் எடை எவ்வளவு என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும், அதைத்தான் பார்ப்பேன். முப்பத்திரண்டு வருஷம் பைப்போடு கிடந்தவன் என்பதால் சொல்கிறேன், இரும்பு எடையில் பொய் சொல்லாது. 50க்கு 50 மில்லிமீட்டர் சதுர பைப் 2 மில்லிமீட்டர் கனத்தில் இருந்தால், அதாவது தகட்டுக் கனத்தைச் சொல்லும் கணக்கில் 14 கேஜ், ஒரு மீட்டர் ஏறக்குறைய 3 கிலோ வரும். அதே அளவு பைப் 18 கேஜாக இருந்தால் கனம் 1.2 மில்லிமீட்டர்தான், மீட்டருக்கு 1.8 கிலோ. பெயின்ட் அடித்துவிட்டால் வெளியே இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு சாதாரண பெஞ்சுக்கு நாலு மீட்டர் பைப் பிடிக்கும் என்று வை, ஒன்று 12 கிலோ, இன்னொன்று 7 கிலோ. மெத்தையும் பலகையும் நாலைந்து கிலோ. நீ அனுப்பியதில் முதல் படத்து 3,400 ரூபாய் பெஞ்ச் மொத்தமே ஒன்பதரை கிலோ. அதில் பைப் எவ்வளவு மெல்லிசு என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். நடுவில் இருப்பது 17 கிலோ. மூன்றாவது 21 கிலோ என்றாலும், அதில் பார், அதாவது இரண்டு முனையிலும் வெயிட் மாட்டித் தூக்கும் நீளக் கம்பி, வைக்கிற ஸ்டாண்ட், கால் நீட்டி மடக்குகிற உருளை, கைக்கு ஒரு சாய்வு மெத்தை என்று ஏகப்பட்டது தொங்குகிறது. அத்தனைக்கும் சேர்த்து 21 என்றால் உடம்பைத் தாங்குகிற பைப்புக்கு என்ன மிஞ்சும்? இத்தனை சாமான் ஒரே பெஞ்சில் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதே.

பெரியப்பா வீட்டு அண்ணன் இரண்டு வருஷம் முன்னால் அந்த முதல் படத்தில் இருக்கிற மாதிரி ஒன்று வாங்கினான். உனக்கு முழுக்கதை தெரியாது, அப்போது யாரும் பெரிதாகப் பேசவில்லை. முதுகுப் பலகையை நிமிர்த்தி வைக்க ஒரு இரும்பு முளை, அதாவது பின், சொருகுவார்கள் அல்லவா, அந்தப் பின் போகிற ஓட்டை வட்டமாகத்தான் இருந்திருக்கும், ஒரு வருஷம் ஏறி இறங்கியதில் புளியங்கொட்டை மாதிரி நீண்டுவிட்டது. ஒரு நாள் இரண்டு கையிலும் பத்து பத்து கிலோவை வைத்துக்கொண்டு சாய்ந்திருக்கிறான், பின் நழுவிப் பலகை பின்பக்கமாக விழுந்துவிட்டது. தோளில் அடிபட்டு மூன்று மாதம் கையைத் தூக்க முடியாமல் கிடந்தான். பட்டறைக்குக் கொண்டுவந்து அந்த இடத்தை அறுத்துப் பார்த்தேன், ஓட்டை விளிம்பைக் கட்டிங் பிளேயரால் லேசாகப் பிடித்ததும் தகரம் மாதிரி மடங்கியது. இரண்டு பக்கமும் 5 மில்லிமீட்டர் பட்டை வைத்து, புது ஓட்டை போட்டு வெல்டு பண்ணிக் கொடுத்தேன். இப்போது வரை அசையவில்லை. அதனால் எந்த பெஞ்சாக இருந்தாலும் அந்த ஓர் இடத்தைப் பெரிதாக்கிப் பார். பின் நேராக வெறும் பைப்பில் நுழைந்தால் வேண்டாம். ஓட்டை இருக்கிற இடத்தில் தனியாகக் கனமான தகடு வைத்திருக்க வேண்டும், இல்லை ஏணிப்படி மாதிரி கொக்கிகளில் ஒரு கம்பி உட்கார்கிற அமைப்பாக இருக்க வேண்டும். கொக்கி வகை இன்னும் நல்லது, எடை கூடக் கூட அது இறுகத்தான் செய்யும். நடுப்படத்தில் தகடு நன்றாகத் தெரிகிறது, நான் பார்த்துவிட்டேன்.

அகலம், உயரம் இரண்டையும் சரிபார். பவர்லிஃப்டிங் என்கிற எடை தூக்கும் போட்டிகளுக்கு உலக அளவில் வைத்திருக்கும் விதியில் பெஞ்ச் தரையிலிருந்து 42 முதல் 45 சென்டிமீட்டர் உயரம், அகலம் 29 முதல் 32 என்று இருக்கிறது. நமக்குப் போட்டி இல்லை, ஆனால் அந்த அளவு காரணத்தோடு வந்தது. ரொம்ப அகலமாக இருந்தால் கை கீழே இறங்கும்போது தோள்பட்டை இடிக்கும், ஒடுங்கலாக இருந்தால் தோள் வெளியே தொங்கும். நீ ஐந்தடி ஓரங்குலம், படுத்தால் முழுப் பாதமும் தரையில் பதிய வேண்டும், நுனிக்கால் மட்டும் ஊன்றினால் இடுப்பு வலிக்கும். உங்கள் சாப்பாட்டு மேசை நாற்காலி பெரும்பாலும் 45 சென்டிமீட்டர்தான், அதில் உட்கார்ந்து பார்த்துக்கொள். குதிகால் எட்டவில்லை என்றால் பாதத்துக்குக் கீழே ஒரு பலகை போட்டால் போதும், அதற்காக பெஞ்சை மாற்ற வேண்டாம்.

இப்போது ஸ்டாண்ட் விஷயம். அது இல்லாத பெஞ்ச்தான் வாங்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அம்மாவுக்கே இது தெரியாது. எனக்கு 23 வயசு, கல்யாணம் ஆகவில்லை. நானும் இன்னொரு பையனும் பனஞ்சட்டத்தில் ஒரு பெஞ்ச் அடித்து மொட்டை மாடியில் போட்டிருந்தோம். ஒரு சாயங்காலம் அவன் வரவில்லை, நான் தனியாக 60 கிலோ மாட்டிப் படுத்தேன். ஐந்து முறை ஏறியது. ஆறாவது முறை பார் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. கீழே வீட்டில் ஆள் இல்லை. கத்தவும் முடியவில்லை, மூச்சை வெளியே விட்டால் பார் இன்னும் இறங்குகிறது. அன்றைக்கு நல்ல நேரம், வெயிட் நழுவாமல் பார் ஓரத்தில் மாட்டுகிற பூட்டை மாட்ட மறந்திருந்தேன். பாரை இடது பக்கம் சாய்த்தேன், அந்தப் பக்கத்து வெயிட் சரிந்து விழுந்தது, உடனே வலது பக்கம் எகிறி அதுவும் கொட்டிவிட்டது. விலா எலும்பில் இரண்டு வாரம் வலி. பூட்டு மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். நீ அங்கே தனியாக இருக்கிறாய். பார் வேண்டாம், டம்பெல் போதும், அதாவது கைக்கு ஒன்றாகப் பிடிக்கிற குட்டி வெயிட். கை ஓய்ந்துவிட்டால் இரண்டு பக்கமும் இறக்கிப் போட்டுவிடலாம், கழுத்திலோ நெஞ்சிலோ மாட்டாது. ஆரம்பத்தில் கைக்கு 3 கிலோ, அப்புறம் 5. பிளேட் கழற்றி மாற்றுகிற வகை வாங்கினால் ஓரத்தில் மரை போட்டுத் திருகுகிற பூட்டாகப் பார்த்து வாங்கு, ஸ்பிரிங் கிளிப் நாள்பட நாள்பட வழுக்கும்.

தரை தாங்குமா என்று கேட்டிருந்தாய். வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ ஏற்றலாம் என்று கணக்கு வைத்துத்தான் கட்டுவார்கள், ஐ.எஸ். 875 என்கிற இந்தியத் தர விதியில் அப்படி இருக்கிறது. நீ 58, பெஞ்ச் 17, டம்பெல் ஒரு 20 என்று கூட்டினாலும் நூறைத் தொடாது, அதுவும் ஒன்றரை மீட்டருக்குப் பரவுகிறது. பயப்படாதே. சத்தம்தான் கீழ்வீட்டுக்குப் போகும், 10 மில்லிமீட்டர் ரப்பர் பாய் ஒன்று போட்டுவிடு.

பெட்டி வந்தால் கொண்டுவருகிறவரிடம் சொல்லி மூன்றாவது மாடிக்கே ஏற்றச் சொல், நீ தூக்காதே. பிரித்ததும் மாட்ட உட்காராமல், பழைய பெட்ஷீட் விரித்து எல்லாவற்றையும் அதன்மேல் பரப்பு. முதலில் வெல்டிங்கைப் பார். நல்ல வெல்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்கிய மாதிரி சீராக ஓடும், மூட்டைச் சுற்றி நாலு பக்கமும் இருக்கும். இரண்டு பக்கம் மட்டும் பொட்டு வைத்திருந்தாலோ, பெயின்டுக்கு அடியில் ஊசித்துளை தெரிந்தாலோ அப்படியே மூடித் திருப்பி அனுப்பிவிடு, ஒரு போல்ட்கூட மாட்டாதே. மெத்தையைக் கவிழ்த்து ஓரத்தில் பலகையைப் பார். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட், நல்லது. மரத்தூள் அழுத்திய பலகை என்றால் திருகு நாளடைவில் பிடுங்கிக்கொண்டு வரும்.

போல்ட்டுகளை நீளவாரியாகப் பிரித்து வை. 65 மில்லிமீட்டரும் 70 மில்லிமீட்டரும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், மாறிப்போனால் கடைசியில் ஒன்று எட்டாது. உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு கொடுத்திருப்பார்கள், அது கையால் பாதிதான் ஏறும். அப்புறம் இறுகுவது நைலானால்தான், மரை கெட்டுவிட்டது என்று பயப்படாதே. முழுக்க ஏறின பிறகு நட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மரை தெரிய வேண்டும். போல்ட் தலைக்கும் நட்டுக்கும் அடியில் வாஷர் இருக்கிறதா என்று பார்.

இதை மட்டும் மறக்காதே. எந்த போல்ட்டையும் முதலில் முழுசாக இறுக்கக் கூடாது. எல்லாவற்றையும் லூசாக மாட்டி, பெஞ்சை நிமிர்த்தி, சமமான தரையில் வைத்து, அதன்மேல் நீ உட்கார். உன் எடையில் கால்கள் தானாகத் தன் இடத்துக்கு வந்துவிடும். அப்புறம் குறுக்காக, முன் இடது, பின் வலது என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. ஒரேயடியாக முறுக்கினால் பைப் உள்ளே ஒடுங்கிவிடும். முதுகுப் பலகை திரும்புகிற அச்சு போல்ட்டை மட்டும் ஆட்டம் இல்லாமல், ஆனால் பலகை தடையில்லாமல் ஏறி இறங்குகிற அளவோடு நிறுத்து. மெத்தைக்கு வரும் திருகு நாலையும் கையாலேயே ஆரம்பித்துவிட்டு அப்புறம்தான் ஸ்பேனர் வைக்க வேண்டும்.

மாட்டி முடித்ததும் ஆடிப் பார். ஒரு கால் தூக்கினால் பெஞ்சை அப்படியே வேறு இடத்துக்கு நகர்த்தி வை. மறுபடி அதே கால் தூக்கினால் பெஞ்சில் கோணல், லூசாக்கி உட்கார்ந்து மறுபடி இறுக்கு. வேறு கால் தூக்கினாலோ, எதுவும் தூக்காவிட்டாலோ தரைதான் மேடுபள்ளம், இடத்தை மாற்று. முதல் நாள் ஏறிப் படுக்கும் முன் கையில் எதுவும் இல்லாமல் ஒவ்வொரு சாய்விலும் உன் முழு எடையையும் போட்டுப் பார்த்துவிடு. ஒரு வாரம் கழித்து எல்லா நட்டையும் ஒரு சுற்று இறுக்க வேண்டும், பெயின்ட் நசுங்கி உட்கார்வதால் எப்படியும் கொஞ்சம் லூசாகும். அதைத் தப்பு என்று நினைக்காதே.

படுக்கும்போது டம்பெல்லைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்து, முட்டியால் ஒரு உந்து கொடுத்துப் படு, தரையிலிருந்து முறுக்கி எடுக்காதே. பெஞ்சின் நுனியில் மட்டும் உட்காராதே, பின்பக்கம் தூக்கிவிடும். வியர்வையை அன்றன்றைக்குத் துடைத்துவிடு, உப்பு தங்கினால் வெல்டிங் ஓரத்தில்தான் முதலில் துரு பிடிக்கும்.

பெட்டியோடு வருகிற தகர ஸ்பேனரை வைத்து எதையும் இறுக்க வேண்டாம், போல்ட் மூலை மழுங்கிவிடும். என் ரிங் ஸ்பேனரில் 17 மில்லிமீட்டர் இரண்டும் 13 மில்லிமீட்டர் இரண்டும் பழைய லுங்கித் துணியில் சுற்றி இன்று காலை கூரியரில் போட்டிருக்கிறேன். 17, இந்த மாதிரி பெஞ்சில் வரும் 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு, அதன் தலை 17 இருக்கும். 13, மெத்தைத் திருகுக்கு. 17இல் ஒன்றில் சிவப்பு பெயின்ட் பொட்டு இருக்கும், அது நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் வாங்கியது. நீயே வைத்துக்கொள், திருப்பி அனுப்ப வேண்டாம்.

பெஞ்ச் வந்த அன்றைக்கே பின்கால் மூட்டைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பு, டார்ச் அடித்து எடு. நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு மாட்டலாம். அம்மா உன்னை இரவில் தயிர் சாப்பிடாதே என்று சொல்லச் சொன்னாள்.

அப்பா